மீட்டர் ஓடாத பத்து நிமிடம்

சுங்கை ரம்பாயிலிருந்து மெர்லிமாவ் செல்லும் சாலையோரம் பழைய செம்பனை மரங்களைச் சாய்த்துவிட்டு நிலத்தைச் சமன் செய்துகொண்டிருக்கிறார்கள். கடைவீடுகள் வரப்போகின்றனவாம். பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்த நான், அங்கே புல்டோசர் ஓட்டும் என் தாய்மாமாவுக்குக் காலைப் பசியாறை கொண்டு போனேன். மணி ஏழரை. எஞ்சின் ஓடும் சத்தமே இல்லை. மாமா கையில் ஓர் இரும்புக் கம்பியோடு இயந்திரத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். குனிந்து அதன் வயிற்றுக்கு அடியில் பார்த்தார். இடுக்கில் சிக்கியிருந்த காய்ந்த மட்டையை இழுத்து எறிந்தார். பிறகு முன்னால் பத்தடி நடந்து, கம்பியை மண்ணில் குத்திப் பார்த்தார்.

வேலிக்கு வெளியே நின்றபடி, "இன்னும் ஸ்டார்ட் பண்ணலையா மாமா?" என்று கேட்டேன்.

"பத்து நிமிஷம் பொறும்மா. இந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் யாரும் காசு தரமாட்டாங்க. மீட்டர் ஓடாதுல்ல."

அவர் சொன்ன மீட்டர், இயந்திரத்தின் மணி மீட்டர். கனரக இயந்திரங்கள் பெரும்பாலும் மணிக்கணக்கில் வாடகைக்குப் போகின்றன. எஞ்சின் ஓடினால் மீட்டர் ஓடும், மீட்டர் ஓடினால் வாடகை ஏறும். ஆனால் ஒரு புல்டோசரைப் பாதுகாப்பாக இயக்குவதற்கான மிக முக்கியமான வேலை எஞ்சின் நின்றிருக்கும்போதுதான் நடக்கிறது. அந்த வேலை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

வேலையிடப் பாதுகாப்பு பற்றி நம் நாட்டில் 2024 முதல் நிறையப் பேசப்படுகிறது. சட்டம் மாறியிருக்கிறது, அபராதம் உயர்ந்திருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றுதான்: அந்தப் பத்து நிமிடம் யாருடையது?

இருபது டன் எடை

முதலில் நாம் பேசும் இயந்திரத்தைப் புரிந்துகொள்வோம். நடுத்தர அளவுள்ள ஒரு புல்டோசரின் எடை சுமார் 20 டன். நம் சாலைகளில் ஓடும் மைவி கார் ஏறக்குறைய ஒரு டன். அப்படியென்றால் இருபது மைவி கார்களை ஒன்றாகக் கட்டி, முன்னால் ஓர் இரும்புச் சுவரை நிறுத்தியது போல என்று வைத்துக்கொள்ளலாம். அந்த இரும்புச் சுவர்தான் 'பிளேட்'.

ஓட்டுநர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். அதனால் அவருக்கு எல்லாம் தெரியும் என்று கீழே நிற்பவர் நினைக்கிறார். உண்மை வேறு. பிளேடுக்கு முன்னால் உள்ள சில மீட்டர் நிலம் அவர் கண்ணில் படாது. பின்னால் மண்ணைக் கீறும் 'ரிப்பர்' பொருத்தியிருந்தால் அந்தப் பக்கமும் மறைந்துவிடும். பின்னோக்கி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இயந்திரம், ஒரு வினாடியில் 2.8 மீட்டர் கடக்கிறது. மூன்று வினாடியில் எட்டு மீட்டருக்கு மேல். கைப்பேசியில் ஒரு குறுந்தகவலைப் படித்து முடிப்பதற்குள் அது நம் மேல் வந்து நின்றுவிடும்.

பல ஆண்டுகளுக்கு முன் மாமா வேலை செய்த ஓரிடத்தில் இதுதான் நடந்தது. பின்பக்கச் சங்கிலிப் பட்டையில் சிக்கிய கொடியை அறுக்க ஓர் இளம் உதவியாள் குனிந்திருந்தான். மாமா தேநீர் குடித்துவிட்டு வந்து, ஏறி, சாவியைத் திருப்பினார். அந்தப் பையனுக்கு ஒரு பாதம் போய்விட்டது. அதன் பிறகு வந்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி, "யார் ஓட்டியது?" என்பதுதான். ஏறுவதற்கு முன் ஒரு முறை சுற்றி வர அந்த வேலையிடத்தில் நேரம் ஒதுக்கப்பட்டிருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. மாமாவும் தன்னை விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை. "நான் இறங்கிச் சுத்திப் பாத்திருக்கணும். பாக்கல" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது?

அன்று காலை மாமா செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். இயந்திரத் தொழிற்கல்வி படிக்கும் நண்பர்களுக்கு இது பழக்கமானதாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு செயலுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் யாரும் இதை வெறும் சடங்கு என்று சொல்லமாட்டார்கள்.

முதலில் தரையைப் பார்க்கிறார். இயந்திரம் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை இருந்தால் எங்கோ கசிகிறது. கசிவு இருக்கும் குழாயைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. பிளேடைத் தூக்கும் ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம், கார் டயரின் காற்றழுத்தத்தைவிட ஏறக்குறைய நூறு மடங்கு. ஊசிமுனை அளவு துளையிலிருந்து பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறு புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். அதனால் ஓர் அட்டைத் துண்டையோ மரத்துண்டையோ நீட்டித்தான் கசிவைத் தேட வேண்டும்.

அடுத்து, எஞ்சினைச் சுற்றியும் அடித்தட்டிலும் சேர்ந்த குப்பை. செம்பனை நிலத்தில் காய்ந்த மட்டையும் நாரும் எங்கும் கிடக்கும். சூடான புகைப்போக்கியின் அருகே அவை சேர்ந்தால் தீப்பிடிக்கும். பிறகு எஞ்சின் எண்ணெய், குளிர்விக்கும் நீர் ஆகியவற்றின் அளவு. ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டுமே திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சங்கிலிப் பட்டை தளர்ந்திருந்தால் சரிவில் கழன்றுவிடும், அளவுக்கு மீறி இறுகியிருந்தால் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

ஏறும்போது இரண்டு கால், ஒரு கை, அல்லது இரண்டு கை, ஒரு கால். எப்போதும் மூன்று உறுப்புகள் இயந்திரத்தைப் பற்றியிருக்க வேண்டும். சேறு படிந்த காலணியோடு தாவி ஏறி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவர்கள் உண்டு. இருக்கையில் அமர்ந்ததும் பாதுகாப்பு வார். இதைப் பல ஓட்டுநர்கள் போடுவதில்லை, "மெதுவாகப் போகும் வண்டிதானே" என்பார்கள். ஆனால் அந்த வார் வேகத்துக்காக வைத்ததன்று. இயந்திரம் உருண்டாலும் ஓட்டுநர் நசுங்காமல் இருக்க அவரைச் சுற்றி வலுவான இரும்புக் கூண்டு இருக்கிறது. வார் போட்டவரைக் கூண்டு காப்பாற்றும். போடாமல் வெளியே குதிப்பவர் மேல் அந்தக் கூண்டே விழும்.

இந்தக் கூண்டும் தானாக வந்துவிடவில்லை. சுவீடன் 1959இலேயே புதிய டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டில் டிராக்டர் கவிழ்ந்து இறப்போர் தொகை அதன் பின் பெரிதும் குறைந்தது. அமெரிக்கா 1972 முதல் கட்டுமான இயந்திரங்களுக்கும் விதித்தது. இரண்டு நாடுகளிலும் விதி வந்த பிறகுதான் கூண்டு எல்லா இயந்திரத்துக்கும் வந்தது.

வேலை முடிந்த பிறகும் இதே கவனம் வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, பிளேடையும் ரிப்பரையும் தரையில் இறக்கி, நிறுத்தத் தடையைப் பூட்டி, எஞ்சினைச் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைத்து, சாவியை எடுத்துவிட வேண்டும். தூக்கிய பிளேடின் கீழ் முட்டுக் கொடுக்காமல் பழுது பார்க்கப் போவது கூடவே கூடாது. ஒரு குழாய் வெடித்தால் அந்த இரும்புச் சுவர் கண் இமைக்கும் நேரத்தில் கீழே வந்துவிடும்.

மண்ணையும் சோதிக்க வேண்டும்

மாமாவின் கையிலிருந்த இரும்புக் கம்பிக்கு வருகிறேன். சிவில் பொறியியல் இரண்டாம் ஆண்டில் மண்ணின் தாங்குதிறனைச் சமன்பாடுகளோடு படித்த எனக்கு, அந்தக் கம்பிதான் பாடத்தை உண்மையில் விளங்க வைத்தது.

20 டன் இயந்திரத்தின் இரண்டு சங்கிலிப் பட்டைகளும் மண்ணைத் தொடும் பரப்பு 3 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் மண் 6.7 டன் தாங்க வேண்டும். சதுப்பு நிலத்துக்கென்று அகலப் பட்டை போட்ட புல்டோசர்கள் உண்டு. அவற்றில் பரப்பு 6 சதுர மீட்டர் ஆனால் சுமை பாதியாகிறது. நம் சுங்கை ரம்பாய், மலாக்கா நீரிணைக்கும் கெசாங் ஆற்றுக்கும் அருகே உள்ள தாழ்நிலம். மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும், கீழே இளகிய களிமண் இருக்கலாம். பழைய தோட்டத்து வாய்க்கால்களை மண் போட்டு மூடியிருப்பார்கள். உளுத்த மரத்தடிக் குழிகள் இருக்கும். வாய்க்கால் விளிம்பில் ஏறும்போது முழு எடையும் பட்டையின் முன்பகுதியில் குவிகிறது. அந்த நேரத்தில் 6.7 டன் என்ற கணக்கு செல்லாது.

அதனால்தான் இயந்திரம் நுழைவதற்கு முன்பே மனிதன் அந்த நிலத்தை நடந்து பார்க்க வேண்டும். தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா? சரிவு எங்கே? சரிவில் குறுக்காக ஓட்டினால் உருளும், நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். மற்றத் தொழிலாளர்கள் எங்கே நடப்பார்கள்? மண்ணுக்கு அடியில் என்ன புதைந்திருக்கிறது?

கடைசிக் கேள்வி நம் நாட்டில் அண்மையில் எல்லாரும் கேட்ட கேள்வி. 2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை, சுபாங் ஜெயா அருகே புத்ரா ஹைட்ஸில் பெட்ரோனாஸ் எரிவாயுக் குழாய் வெடித்துத் தீப்பிடித்தது. நூற்றுக்கணக்கான வீடுகள் சேதமடைந்தன. அருகே மண் தோண்டும் வேலை நடந்ததால், இயந்திரம்தான் குழாயை இடித்தது என்று அன்றே சமூக ஊடகங்கள் தீர்ப்பெழுதிவிட்டன. பின்னர் வந்த தொழில் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறையின் விசாரணை, குழாய்க்கு அடியில் இருந்த மண் தாங்கும் வலுவை இழந்ததைக் காரணமாகச் சுட்டியது.

இதில் இளையோருக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, விசாரணைக்கு முன் ஓட்டுநரைக் குற்றவாளியாக்குவது எவ்வளவு எளிது என்பது. இரண்டு, நாம் பார்க்காத மண்தான் பல நேரங்களில் முடிவு செய்கிறது என்பது. 2017 அக்டோபர் 21இல் பினாங்கு தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் சரிவு இடிந்து 11 தொழிலாளர்கள் இறந்ததும் மண்ணால்தான்.

நிலத்தடியில் செல்லும் குழாய்கள், கம்பிகள் பற்றிய தரவுத் தளம் ஒன்றை நில அளவை, வரைபடத் துறையான ஜூபெம் வைத்திருக்கிறது. ஆனால் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அது காட்டும் இடத்தைத் தரையில் அடையாளமிட்டு, அதைப் புல்டோசர் ஓட்டுநரின் கண்முன் காட்டுவது யாருடைய வேலை? அதுவும் மீட்டர் ஓடாத வேலைதான்.

சட்டம் இப்போது சொல்வது

2024 ஜூன் 1ஆம் தேதி, 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் நீக்கப்பட்டது. அதே நாளில் 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் நடப்புக்கு வந்தன. முன்பு குறிப்பிட்ட சில தொழில்துறைகளுக்கு மட்டும் பொருந்திய அந்தச் சட்டம், இப்போது ஒரு சில விலக்குகள் தவிர எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. முதலாளி தன் கடமையில் தவறினால் விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாகப் பத்து மடங்கு உயர்ந்தது.

எனக்கு அபராதத்தைவிட மற்ற நான்கு மாற்றங்கள் முக்கியமாகப் படுகின்றன. முதலாவது, ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிடுவது இப்போது சட்டக் கடமை. இரண்டாவது, வேலையைத் துணைக் குத்தகைக்கு விட்டவரும் கீழே வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பு. "அவன் என் ஆள் இல்லை" என்று கைகழுவ முடியாது. மூன்றாவது, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களை வைத்திருப்பவர் அவர்களில் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும். நான்காவது, உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது.

ஏட்டில் இது நல்ல சட்டம். சுங்கை ரம்பாய்ச் சாலையோரத்தில் எப்படி?

முழுநேரப் பாதுகாப்பு, சுகாதார அதிகாரியை நியமிக்கும் கடமை, 1997ஆம் ஆண்டு ஆணைப்படி, ஒப்பந்த மதிப்பு 2 கோடி ரிங்கிட்டைத் தாண்டும் கட்டுமானங்களுக்கு உரியது. கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் அந்த அதிகாரி இருப்பார். சிற்றூரில் நாலைந்து கடைவீடு கட்டும் இடத்தில் அவரை எதிர்பார்க்க முடியாது. அங்கே நிலச் சொந்தக்காரர் ஒருவர், குத்தகையாளர் ஒருவர், இயந்திரத்தை வாடகைக்கு விட்டவர் ஒருவர், ஓட்டுநரை அனுப்பியவர் வேறொருவர். ஐந்து பேரை வைத்திருப்பவர் யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள்.

விலகிக்கொள்ளும் உரிமையும் அப்படித்தான். நாள் சம்பளக்காரர், அதுவும் வேலை அனுமதியை நம்பியிருக்கும் அந்நியத் தொழிலாளர், "இந்த மண் சரியில்லை, நான் ஏறமாட்டேன்" என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! மறுநாள் அவரை யாரும் தண்டிக்கமாட்டார்கள். வேலைக்குக் கூப்பிடாமல் விடுவார்கள், அவ்வளவுதான். அதைத் தண்டனை என்று நிரூபிப்பது எளிதன்று.

கணக்கில் ஏற்றுங்கள்

அப்படியானால் சட்டத்தால் பயனில்லையா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். சட்டம் பொறுப்பை வரையறுத்துவிட்டது. நேரத்தை மட்டும் இன்னும் யாரும் வரையறுக்கவில்லை. பொறுப்பைக் கொடுத்துவிட்டு அதை நிறைவேற்ற நேரம் கொடுக்காவிட்டால், அந்தப் பொறுப்பு கடைசியில் ஓட்டுநரின் தலையில்தான் விழும்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால் 260 நிமிடம். அதாவது 4 மணி 20 நிமிடம். ஒரு மாதத்தில் அரை நாள் வேலை. ஒரு புல்டோசரைப் பாதுகாப்பாக இயக்க ஆகும் கூடுதல் செலவு இவ்வளவுதான் என்றால், 500,000 ரிங்கிட் அபராதத்துக்கும் ஒரு மனிதனின் பாதத்துக்கும் முன்னால் இது ஒரு செலவா?

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்: தினமும் தொடக்கச் சோதனைக்கான நேரம் வாடகை நேரமாகக் கணக்கிடப்படும். அந்தச் சோதனையின் தாளில் ஓட்டுநரும் தள மேற்பார்வையாளரும் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஓட்டுநர் மட்டும் கையெழுத்திட்டால் அது அவர் மேல் பழிபோடும் தாளாகிவிடும். மேற்பார்வையாளரும் போட்டால்தான் மண்ணுக்கும் குழாய்க்கும் அவர் பொறுப்பேற்றதாகும்.

"அந்தப் பத்து நிமிடத்தையும் ஓட்டுநர்கள் உட்கார்ந்து சிகரெட் பிடித்தே கழிப்பார்கள்" என்று சில குத்தகையாளர்கள் சொல்லக்கூடும். சிலர் அப்படி இருக்கலாம். வாரைப் போடாத ஓட்டுநர்களைப் பற்றி நானே மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் காசு கொடுக்காத வேலையைச் செய்யவில்லை என்று குறை கூறுவதைவிட, காசு கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்பதே நியாயம்.

நாம் கேட்க வேண்டியவை

தோட்டப்புறத்திலிருந்து வந்த நம் பிள்ளைகள் பலருக்குக் கனரக இயந்திரம் ஓட்டுவது நல்ல வருமானம் தரும் தொழில். எஸ்.பி.எம். முடித்துத் தொழிற்பயிற்சிக் கழகங்களுக்குப் போவோரும், மெர்லிமாவ் போலிடெக்னிக் போன்ற இடங்களில் பொறியியல் படிப்போரும் விரைவில் கட்டுமானத் தளங்களில் பயிற்சிக்கு நிற்பார்கள். அங்கே நுழைய சி.ஐ.டி.பி.யின் பச்சை அட்டை வேண்டும். அட்டையோடு மூன்று கேள்விகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

இன்று காலை இந்த இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்தது யார்? இந்த மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் யார்? ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நான் நிற்கிறேனா?

பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில், இயந்திரத்தைவிட்டுத் தள்ளி நில்லுங்கள். நாளை உங்களில் சிலர் பொறியாளராக, மேற்பார்வையாளராக, குத்தகையாளராக ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவீர்கள். அப்போது அந்த ஒரு வரியைச் சேர்க்க மறக்காதீர்கள்.

அன்று மாமா மண்ணைக் குத்தியபோது, ஓரிடத்தில் கம்பி பாதிக்கு மேல் இறங்கியது. மூடப்பட்ட பழைய வாய்க்கால். அதன் மேல் சிவப்பு நாடாவைக் கட்டிவிட்டு, உதவியாளைத் தன் கண்ணில் படும் இடத்துக்கு வரச் சொல்லி, ஹாரனை ஒரு முறை அடித்துவிட்டுத்தான் எஞ்சினை இயக்கினார். மணி ஏழே முக்கால். மீட்டர் அப்போதுதான் ஓடத் தொடங்கியது.